வயோதிகத்தில் நீர் பிரிவதில் தடையா?

ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்கள் பலருக்கு ஓர் உபாதை உண்டு. அதை மனைவியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். இரவில் மூன்று நான்கு முறை எழுந்து போவார்கள். வெளியூர்ப் பயணம் என்றால் பஸ்ஸைத் தவிர்த்து ரயிலையே நாடுவார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் கழிவறை எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்து வைத்துக்கொண்டு, அதற்கு அருகில் நாற்காலி தேடுவார்கள். யாராவது விசாரித்தால், "வயதாகிவிட்டது, அவ்வளவுதான்" என்று பேச்சை மாற்றிவிடுவார்கள்.

வயதாகிவிட்டது என்பது மெய்தான். ஆனால் அதோடு விட்டுவிடக் கூடிய விஷயம் அல்ல இது. புராஸ்டேட் என்னும் சுரப்பி பெருத்துச் சிறுநீர் வரும் வழியை நெருக்குவதே இந்த உபாதைக்குப் பெரும்பாலும் காரணம். இதற்கு இன்று பல வகைச் சிகிச்சைகள் உண்டு. அவற்றில் தமக்கு ஏற்றது எது என்று நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அந்த நிதானம் கிடைப்பது, நீர் அடியோடு நின்று போவதற்கு முன்பே டாக்டரிடம் போகிறவர்களுக்குத்தான்.

நாட்டை ஆண்டவர்களுக்கும் வந்தது

1963-ம் ஆண்டு அக்டோபர் மாதம். பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்ட் மாக்மில்லனுக்கு அப்போது வயது 69. அவரது கட்சியின் வருடாந்தர மாநாடு பிளாக்பூல் நகரில் கூடவிருந்த சமயத்தில், திடீரென்று அவருக்குக் கடும் வலி ஏற்பட்டது, நீர் பிரியவில்லை. லண்டனில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, 10-ந் தேதி புராஸ்டேட் ஆபரேஷன் செய்துகொண்டார். அதே நாளில் அவர் பதவி விலகப் போகும் செய்தி மாநாட்டில் வாசிக்கப்பட்டது. 18-ந் தேதி எலிசபெத் ராணி ஆஸ்பத்திரிக்கே வந்து அவரைச் சந்தித்தார். வீக்கம் புற்றுநோயல்ல என்று தெரிந்தது. ஆனால் ராஜினாமா ராஜினாமாதான். அதற்குப் பிறகு அவர் 23 ஆண்டுகள் ஜீவித்திருந்து, 1986-ல் தமது 92-வது வயதில்தான் காலமானார்.

பிரான்ஸில் நடந்தது வேறு. ஜார்ஜ் கிளெமென்ஸோ 1912-ல் தமது 70-வது வயதில் இதே சுரப்பிக்காக ஆபரேஷன் செய்துகொண்டார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 76-வது வயதில் பிரதமராகி, முதலாவது உலக யுத்தத்தில் நாட்டை வெற்றிக்கு அழைத்துச் சென்றார். ஜனாதிபதி டிகால் 1964 ஏப்ரலில், 73-வது வயதில், பாரிஸ் நகரக் கொச்சின் ஆஸ்பத்திரியில் இதே ஆபரேஷனுக்கு உள்ளானார். ஊராருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு தேர்தலில் மீண்டும் வென்றார்.

இப்படி மூடி மறைக்கும் வழக்கத்தை 2024 ஜனவரியில் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் சார்லஸ் உடைத்தார். தமக்குப் புராஸ்டேட் வீக்கம் இருப்பதையும் சிகிச்சை பெறப்போவதையும் அவர் முன்கூட்டியே அறிவித்தார். மற்ற ஆண்களும் தயங்காமல் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம் என்று அரண்மனை தெரிவித்தது. அவரது வீக்கம் புற்றுநோயல்ல. ஆனால் அந்தச் சிகிச்சைக்காகப் போனபோதுதான் அவர் உடலில் வேறோரு புற்றுநோய் இருப்பது தற்செயலாகத் தெரிய வந்தது.

எங்கே இருக்கிறது இந்தச் சுரப்பி?

புராஸ்டேட் சுரப்பி ஆண்களுக்கு மட்டுமே உண்டு. சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, ஒரு நெல்லிக்காய் அளவில், சுமார் 20 கிராம் எடையில் இருப்பது. விந்துவோடு கலக்கும் திரவத்தில் ஒரு பகுதியைச் சுரப்பது இதன் வேலை. சிறுநீர் வெளியேறும் குழாய் இந்தச் சுரப்பியின் நடுவே துளைத்துக்கொண்டு போகிறது. தொல்லைக்கெல்லாம் காரணம் இந்த அமைப்புத்தான்.

நடுவயதுக்குப் பிறகு சுரப்பியின் உட்பகுதி மெள்ள வளரத் தொடங்குகிறது. ஆண் ஹார்மோனாகிய டெஸ்டோஸ்டிரோன், சுரப்பியினுள் டி.எச்.டி. என்னும் வீரியம் மிகுந்த வேறொரு ஹார்மோனாக மாறி இந்த வளர்ச்சியைத் தூண்டுகிறது. 60 வயதுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், 80 வயதைத் தாண்டியவர்களில் பத்துக்கு எட்டு ஒன்பது பேருக்கும் இந்த மாறுதல் காணப்படும். ஆனால் அத்தனை பேருக்கும் தொல்லை ஏற்படுவதில்லை. சுரப்பி பெரியதாக இருந்தும் சிரமமின்றி இருப்பவர்கள் உண்டு. சற்றே பெருத்து, குழாயை நெருக்கி வாட்டுவதும் உண்டு. ஆகையால் "எத்தனை கிராம்?" என்ற கேள்வியைவிட, "எவ்வளவு சிரமம்?" என்ற கேள்வியே முக்கியமானது.

அடையாளங்கள்

நீர் கழிக்க நின்றால் உடனே வராது, காத்திருக்க வேண்டும். வந்தாலும் வேகம் இராது. நடுவில் நின்று நின்று வரும். முக்க வேண்டியிருக்கும். முடிந்த பிறகும் சொட்டும். முழுதும் கழிந்தது போன்ற திருப்தி இராது. இவை வழி அடைபடுவதன் அடையாளங்கள். அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளிச் சிறுநீர்ப்பையின் தசை முரடாகி, சிறிது நீர் சேர்ந்தாலே துடிக்கத் தொடங்கும். அப்போது அடிக்கடி போக வேண்டும், அடக்க முடியாது, இரவுத் தூக்கம் கெடும்.

டாக்டர்கள் இதை அளக்க ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாளை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மார்க்கு, மொத்தம் 35. ஏழு வரை லேசானது. எட்டு முதல் 19 வரை நடுத்தரம். 20-க்கு மேல் கடுமை. கடைசியில் ஒரு தனிக் கேள்வி உண்டு: "ஆயுள் முழுதும் இதே நிலை நீடித்தால் உமக்கு எப்படி இருக்கும்?" என்பது. சிகிச்சையின் போக்கைப் பெரிதும் தீர்மானிப்பது இந்தக் கேள்விக்கு நோயாளி சொல்லும் பதில்தான்.

இது புற்றுநோயா?

பலரை வாய்மூடச் செய்வது இந்தப் பயமே. வயோதிகத்தில் வரும் இந்த வீக்கம் புற்றுநோய் அல்ல. நாளடைவில் புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆயினும், ஒரே சுரப்பியில் இரண்டும் தனித்தனியே உண்டாகக் கூடும். அதனால்தான் டாக்டர் சோதித்துப் பார்க்கிறார்.

சோதனைகள் பயங்கரமானவை அல்ல. ஆசனவாய் வழியே விரலை விட்டுச் சுரப்பியைத் தடவிப் பார்ப்பது ஒரு நிமிஷ வேலை. மிருதுவாகப் பெருத்திருந்தால் சாதாரண வீக்கம். கல் போன்ற முடிச்சு தட்டுப்பட்டால் சந்தேகம். சிறுநீரில் கிருமியோ ரத்தமோ உண்டா என்று பார்ப்பார்கள். சர்க்கரை வியாதியாலும் அடிக்கடி நீர் பிரியும். ஆகவே அதையும் பார்த்துவிடுவது நல்லது. நீர் கழித்த பின் பையில் எவ்வளவு தேங்குகிறது என்பதை ஸ்கான் காட்டிவிடும். நீரின் வேகத்தை அளக்கும் கருவியும் உண்டு. விநாடிக்கு 15 மில்லி லிட்டருக்கு மேல் பாய்ந்தால் பொதுவாக நன்று. பத்துக்குக் கீழே இறங்கினால் அடைப்பு இருக்கலாம். பி.எஸ்.ஏ. என்னும் ரத்தச் சோதனையும் செய்வதுண்டு. ஆனால் சாதாரண வீக்கத்திலும், கிருமித் தொற்றிலும்கூட அந்த எண் உயரும். எண் உயர்ந்திருப்பதைக் கண்டு உடனே இடிந்துபோக வேண்டியதில்லை.

மருந்தில்லாத சிகிச்சை

லேசான தொல்லை உள்ளவர்களுக்கு, "கவனித்துக்கொண்டு இருப்போம்" என்று டாக்டர் சொல்லக்கூடும். இது கைவிடுவது ஆகாது. இதுவும் ஒரு சிகிச்சை முறையே. அமெரிக்காவில் நடுத்தரத் தொல்லை உள்ள 556 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆபரேஷன் செய்து, மறு பிரிவைக் கவனித்து மட்டும் வந்தார்கள். 1995-ல் வெளியான முடிவின்படி, ஆபரேஷன் ஆனவர்களே அதிகச் சுகம் கண்டார்கள். ஆனால் கவனித்து வந்தவர்களில் மூன்று ஆண்டுகளுக்குள் ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் சுமார் கால் பங்கினர்தான்.

இந்தக் காலத்தில் அனுசரிக்க வேண்டியவை சில உண்டு. படுக்கப் போவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே தண்ணீர், பானங்களைக் குறைத்துக்கொள்வது நலம். பகலில் குறைக்க வேண்டாம். மாலைக்குப் பின் காப்பியும் டீயும் மதுவும் கூடாது. ஒரு முறை கழித்த பின் சற்று நின்று, மீண்டும் ஒரு முறை கழிக்கலாம். மலச்சிக்கல் சேர விடக்கூடாது. மிக முக்கியமானது, ஜலதோஷத்துக்காகக் கடையில் தாமாக மாத்திரை வாங்கி விழுங்குவதை நிறுத்துவது. மூக்கடைப்பை நீக்கும் மாத்திரைகளில் சில, சிறுநீர் வழியை இறுக்கி நீரைக் கட்டிவிடும்.

இரண்டு வகை மாத்திரைகள்

தொல்லை மிகுந்தால் மாத்திரை. இதில் பிரதானமாக இரண்டு வகைகள் உண்டு.

முதல் வகை, சுரப்பியிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் உள்ள தசைகளைத் தளர்த்துகிறது. டாம்சுலோசின், அல்ஃபுசோசின், சிலோடோசின் ஆகியவை இந்த வகை. சில தினங்களிலேயே குணம் தெரியும். ஆனால் சுரப்பி சுருங்காது. மாத்திரையை நிறுத்தினால் தொல்லை திரும்பும். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். மெள்ள எழ வேண்டும். கண்புரை ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் இந்த மாத்திரை சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும். ஆபரேஷனின்போது கருவிழிப் படலம் தளர்ந்து தொய்வதுண்டு என்று 2005-ல் கண்டறிந்தார்கள். முன்கூட்டித் தெரிந்தால் டாக்டர் தக்க ஏற்பாட்டுடன் செய்வார்.

இரண்டாவது வகை, சுரப்பியையே சுருக்குவது. இது பிறந்த கதை வினோதமானது. டொமினிகன் குடியரசில் ஒரு கிராமப் பகுதியில், பிறக்கும்போது பெண் குழந்தை போலத் தோன்றிப் பருவ வயதில் ஆணாக வளர்ந்தவர்கள் சிலர் இருந்தனர். அவர்களைப் பற்றிய ஆராய்ச்சி 1974-ல் வெளியாயிற்று. டெஸ்டோஸ்டிரோனை டி.எச்.டி.யாக மாற்றும் என்சைம் அவர்களுக்குக் குறைவு. வளர்ந்த பிறகும் புராஸ்டேட் மிகச் சிறியதாகவே இருந்தது. அந்த என்சைமை மருந்தால் தடுத்தால் என்ன என்று விஞ்ஞானிகள் யோசித்ததன் பலன்தான் ஃபினாஸ்டரைடு. 1992-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பின்னர் டூடாஸ்டரைடும் வந்தது.

இந்த வகைக்குப் பொறுமை வேண்டும். ஆறு மாதம் சாப்பிட்டால்தான் பலன் புலப்படும். சுரப்பி கால் பங்கு வரை சுருங்கலாம். பெரிய சுரப்பி உள்ளவர்களுக்கே இது ஏற்றது. சிலருக்குப் போக இச்சை குறையக் கூடும். பி.எஸ்.ஏ. எண் பாதியாக இறங்கிவிடும். இதை அறியாத புது டாக்டர் "எண் நன்றாக இருக்கிறது" என்று ஏமாறக் கூடாது என்பதால், மாத்திரையின் பெயரை மறவாமல் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடக் கூடாது.

இரு வகையையும் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. அமெரிக்காவில் 3,047 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2003-ல் வெளியாயிற்று. டாக்ஸோசோசினும் ஃபினாஸ்டரைடும் சேர்ந்தபோது, நோய் முற்றும் அபாயம் சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. ஆண்மைக் குறைவுக்குத் தரப்படும் டடாலாஃபில் மருந்தையும் 2011 முதல் இந்த உபாதைக்குத் தருகிறார்கள். நெஞ்சு வலிக்காக நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தொடவே கூடாது.

மூலிகைகளைப் பற்றி விசாரிப்பவர்கள் அநேகர். உலகெங்கும் அதிகம் விற்பது அமெரிக்கக் குட்டைப் பனையான சா பால்மெட்டோவின் பழச்சாறு. 225 பேருக்கு ஓராண்டு கொடுத்துப் பார்த்தபோது, வெறும் போலி மாத்திரையைவிட அது எவ்விதத்திலும் மேலாக இல்லை என்று 2006-ல் தெரிந்தது. இப்படிப்பட்டதை நம்பிக் காலம் கடத்துவதே பெரிய நஷ்டம்.

கத்தியின் கதை

நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்த உபாதைக்கு வழி, தினந்தோறும் குழாயை விட்டு நீரை இறக்குவதுதான். கிருமி தொற்றி மடிந்தவர் பலர். சுரப்பியின் வீங்கிய பாகத்தை முழுதாக எடுத்துவிடும் ஆபரேஷனை உலகறியச் செய்தவர் பீட்டர் ஃப்ரேயர். அயர்லாந்துக்காரரான இவர் இந்திய மருத்துவ சர்வீஸில் சுமார் இருபது ஆண்டுகள் இந்த நாட்டில் வேலை பார்த்தவர். லண்டன் திரும்பிய பின், 1900 டிசம்பரில் வயிற்றைக் கீறிச் சிறுநீர்ப்பை வழியாக இந்த ஆபரேஷனைச் செய்தார். நியூயார்க்கில் ஃபுல்லர் என்பவர் முன்னரே செய்திருந்தார் என்று சர்ச்சையும் எழுந்தது. 1945-ல் டெரன்ஸ் மில்லின், சிறுநீர்ப்பையைத் திறக்காமலே சுரப்பியை அடையும் முறையை வெளியிட்டார்.

வயிற்றைக் கீறாமலே, சிறுநீர் வழியாகக் கருவியை விட்டு, மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் வீக்கத்தைச் சீவி எடுப்பதற்கு 1926-ல் அமெரிக்காவில் ஸ்டெர்ன் கருவி செய்தார். அதிலிருந்து வளர்ந்ததே டி.யு.ஆர்.பி. இன்றும் மற்ற முறைகளை எடை போடுவதற்கு இதுவே தராசு. உடலில் தையல் கிடையாது. சில நாட்கள் குழாய் இருக்கும். சில வாரம் பாரம் தூக்கக் கூடாது.

1990-களில் நியூசிலாந்தில் கில்லிங் என்ற டாக்டரும் அவரது குழுவினரும் வளர்த்த ஹோல்மியம் லேசர் முறை, ஆரஞ்சுப் பழத்தின் சுளையைத் தோலிலிருந்து பிரிப்பது போல வீக்கத்தைப் பிரித்தெடுக்கிறது. எவ்வளவு பெரிய சுரப்பிக்கும் ஏற்றது. ரத்தச் சேதம் குறைவு. கைதேர்ந்த நிபுணர் வேண்டும் என்பதே இதில் உள்ள கஷ்டம். சுரப்பியின் மடல்களைச் சிறு கொக்கிகளால் ஒதுக்கிக் கட்டுவது, நீராவியைச் செலுத்திச் சுருக்குவது, சுரப்பிக்குப் போகும் ரத்தக் குழாயை அடைப்பது என்று இலேசான முறைகளும் இப்போது உண்டு. இவற்றில் உடல் வாட்டம் குறைவு; ஆனால் சுகமும் டி.யு.ஆர்.பி. அளவுக்கு இராது, பின்னால் மறுபடி சிகிச்சை தேவைப்படலாம். கடும் இருதய நோய் முதலியவற்றால் ஆபரேஷனே தாங்காதவர்களுக்குக் குழாய்தான் கதி. அதையும் சுத்தமாகப் பேணினால் வாழ்க்கை நடத்தலாம்.

ஆண்மை போய்விடுமா?

வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் எல்லார் மனத்திலும் இருக்கும் கேள்வி இது. மேலே சொன்ன 556 பேர் சோதனையில், டி.யு.ஆர்.பி. ஆபரேஷனால் ஆண்மைக் குறைவோ, நீரை அடக்க முடியாத நிலையோ அதிகமாகவில்லை என்று கண்டார்கள். ஆனால் ஒரு மாறுதல் பெரும்பாலோருக்கு ஏற்படும். விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய், பிறகு சிறுநீரோடு கழியும். உடலுக்கு இதனால் தீங்கில்லை; குழந்தை பெற விரும்புகிறவருக்குத்தான் தடை. இது ஒப்பாதவர்கள் இலேசான முறைகளைப் பற்றி டாக்டரிடம் கேட்கலாம். முன்பே சொல்லிவிட்டால் மனக்குறை இராது.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இந்த ஆபரேஷன்களில் எடுக்கப்படுவது உட்பகுதிதான், வெளிக்கூடு மிச்சமிருக்கும். ஆகவே ஆபரேஷன் ஆனவர்களும் பிற்காலத்தில் புற்றுநோய்ச் சோதனையைப் புறக்கணிக்கலாகாது.

காத்திருக்கக் கூடாத சமயம்

நீர் அடியோடு நின்று அடிவயிறு உப்பி வலித்தால், இரவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குழாய் விட்டதும் சில நிமிஷங்களில் நிம்மதி கிடைக்கும். நீரில் ரத்தம் கண்டாலும், நடுக்கும் காய்ச்சல் வந்தாலும் தாமதிக்கலாகாது. நீர் மீண்டும் மீண்டும் நின்று போவது, பையில் கல் சேர்வது, அடிக்கடி கிருமி தொற்றுவது, சிறுநீரகம் பழுதாவது, மருந்துக்கு நிற்காமல் ரத்தம் போவது ஆகிய நிலைகளில் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவது புத்திசாலித்தனம் அல்ல.

வலியோடு நிற்கும் நீரைவிட, வலியின்றித் தேங்கும் நீர் பொல்லாதது. பை கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து, நோயாளிக்குத் தெரியாமலே நீர் நிறைந்திருக்கும். அது பின்னோக்கி அழுத்திச் சிறுநீரகங்களைக் கெடுத்துவிடும். தூக்கத்தில் தம்மை அறியாமல் படுக்கை நனைவதுதான் சில சமயம் முதல் அடையாளம். வீட்டுப் பெரியவரின் படுக்கை நனைந்தால் கேலியும் வேண்டாம், கோபமும் வேண்டாம். டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

டாக்டரிடம் போகும்போது இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நீர் பிரிந்தது என்பதை மூன்று நாள் ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் அதிலேயே எழுதுங்கள். பிறகு மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: "என் சிறுநீரகத்துக்கு இதனால் ஆபத்து உண்டா? இந்தச் சிகிச்சையால் எனக்கு எவ்வளவு சுகம் கிடைக்கும்? அதற்காக எதை இழக்க நேரும்?" இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால், மாத்திரையா, ஆபரேஷனா, அல்லது சும்மா கவனித்து வருவதா என்பதை வீட்டாரோடு கலந்து நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.